வீட்டுக்குள் வந்த மேடை

பொழுதுபோக்கில் அரசியல் புகலாமா என்று நண்பர்கள் சிலர் கவலையோடு கேட்கிறார்கள். அது புகுந்து எத்தனையோ காலமாயிற்று! 1939-ல் கல்கியின் கதையில் வெளிவந்த 'தியாக பூமி'யில் காங்கிரஸ் பற்று வெளிப்படையாகவே இருந்தது. வெள்ளைக்கார அரசாங்கம் அந்தப் படத்தைத் தடை செய்தது. 1949-ல் அண்ணாதுரையின் 'வேலைக்காரி'யும் 'நல்லதம்பி'யும் வந்தன. 1952-ல் கருணாநிதியின் வசனத்தில் 'பராசக்தி' வந்தது. ஆகவே, இந்த விஷயத்தில் எந்தக் கட்சிக்காரரும் மற்றவரைக் குறை சொல்ல நியாயமில்லை.

'பராசக்தி'யில் குணசேகரன் கோர்ட்டுக் கூண்டில் நின்று பேசுகிறானே, அது கட்சிப் பிரசங்கம்தான். ஆனாலும் நாம் உருகிக் கேட்கிறோம். ஏன்? கப்பலை விட்டு இறங்கியவன் கைப்பொருளைப் பறிகொடுத்து அலைந்ததையும், அவன் தங்கை கணவனை இழந்து கைக்குழந்தையோடு தவித்ததையும் முன்பே பார்த்துவிட்டோம். பட்ட வேதனை அந்தப் பேச்சுக்குப் பக்கபலமாக நிற்கிறது. அதே படத்தில் அடுக்குமொழி மிகுந்து, பாத்திரம் மறைந்து, எழுதியவரே எட்டிப் பார்க்கும் இடங்களும் உண்டு. அங்கே கைதட்டல் கிடைக்கலாம், கண்ணீர் வராது.

இவ்வளவும் கொட்டகையில் நடந்தது. டிக்கெட் வாங்கிப் போனோம். பிடிக்காவிட்டால் எழுந்து வந்தோம். டெலிவிஷன் கதை வேறு. சென்னைக்கு அது 1975-ல் வந்தது. 1993-ல் சன் டிவி, 1999-ல் ஜெயா டிவி, 2007-ல் கலைஞர் டிவி என்று, கழகங்களோடு உறவுடைய நிலையங்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. 2006 தேர்தலில் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியையே இலவசமாகத் தருவதாக வாக்குறுதி அளித்து, அப்படியே வழங்கவும் செய்தார்கள். மேடை நம் கூடத்துக்கே வந்துவிட்டது.

தொடரில் கதாநாயகி அழுது முடிக்கிறாள். நம் கண் ஈரம் காய்வதற்குள் செய்தி தொடங்குகிறது. ஒரே பொதுக்கூட்டத்தை ஒரு நிலையம் ஜனசமுத்திரமாகவும், இன்னொன்று காலி நாற்காலிகளாகவும் காட்டக் கண்டிருக்கிறேன். சில சமயம் கூட்டம் நடந்ததாகவே ஒரு நிலையம் காட்டிக்கொள்வதில்லை.

எனக்குப் பயம் இங்கேதான். குணசேகரன் சொல்வதை ஒப்புக்கொள்ளாதவர் எதிர்த்து வாதாடலாம். அவன் கட்சி இன்னதென்று எல்லாருக்கும் தெரியும். காட்டாமலே விட்டதை எதிர்த்து யார், எப்படி வாதாடுவது? அரசியல் பேசும் கதை எழுதுகிறவர்கள் தாராளமாக எழுதட்டும். கதையாக அழவைத்த கையோடு செய்தியாகப் பேசுகிறவர்களிடந்தான், வாசகர்களே, நாம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.