முப்பத்திரண்டைக் கூட்டலாமா?

காரைக்காலுக்குத் தெற்கே, கடலுக்குச் சற்று மேற்கே, வயல் சூழ்ந்த ஊர் நெரவி. கோடை நாள் ஒன்றில் அவ்வூர் வீடு ஒன்றை மனத்தில் எண்ணிப் பாருங்கள். காலைச் செய்தித்தாளில் ‘வெயில் சதமடித்தது’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. உள்ளே தம்பிக்குக் காய்ச்சல். அம்மா வெப்பமானியைப் பார்த்துவிட்டு, “நூத்தியொண்ணு இருக்கு” என்கிறார். வானொலியில் வானிலை அறிக்கை, ‘அதிகபட்ச வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ்’ என்கிறது. அக்காள் பள்ளிக்குச் செல்கிறாள். அங்கே கரும்பலகையில் ஒரு சூத்திரம்: செல்சியஸை 9ஆல் பெருக்கி, 5ஆல் வகுத்து, 32ஐக் கூட்டுக.

அவள் அந்தச் சூத்திரத்தைப் பிழையின்றி ஒப்புவிப்பாள். தேர்வில் முழு மதிப்பெண்ணும் பெறுவாள். ஆனால் காலையில் காதில் விழுந்த மூன்று எண்களில் எது கவலைக்குரியது என்று கேட்டால் விடை சொல்வாளா? சொல்ல முடியாது என்றால் குறை அவளிடம் இல்லை. நாம் பாடத்தை நடத்தும் வரிசையில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒரு சிறு சோதனை

இந்திய வானிலை ஆய்வுத் துறை கடலோர ஊர்களுக்கு ‘வெப்ப அலை’ என்று அறிவிப்பதற்கு இரண்டு நிபந்தனைகளை வைத்திருக்கிறது. பகலின் உச்ச வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அத்துடன் அது அந்த நாளுக்குரிய இயல்பான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். சமவெளி ஊர்களுக்கு முதல் நிபந்தனை 40 டிகிரி. நெரவி கடலோரத்தைச் சேர்ந்தது. ஆகவே அதற்கு உரியது 37.

இவ்விரு எண்களையும் பாரன்ஹீட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். முதல் எண்ணுக்கு 98.6 என்று விடை வரும், சரி. இரண்டாவது எண்ணான 4.5ஐயும் அதே சூத்திரத்தில் போட்டால் 40.1 வரும். சூத்திரத்தை மட்டுமே கற்ற மாணவன் இந்த விடையைத்தான் தருவான். இது முற்றிலும் தவறு.

எப்படித் தவறு? ஓர் ஊரில் இயல்பான அளவு 33 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். பாரன்ஹீட்டில் அது 91.4. அதைவிட 4.5 கூடினால் 37.5, பாரன்ஹீட்டில் 99.5. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 8.1 மட்டுமே. மாணவனின் விடையான 40.1ஐ 91.4உடன் கூட்டினால் 131.5 டிகிரி பாரன்ஹீட் ஆகும். செல்சியஸில் அது 55ஐத் தாண்டிவிடும்! ராஜஸ்தானத்துப் பாலைவனத்தில் பலோடி என்னும் ஊரில் 2016 மே 19 அன்று பதிவான 51 டிகிரிதான் நம் நாட்டில் பெயர்பெற்ற உச்சம். நெரவியின் கோடையை அந்தப் பாலைவனத்தையும் மிஞ்சச் செய்துவிட்டது ஒரு 32.

பிழையின் வேர் இதுதான்: வெப்பநிலை என்பது அளவுகோலில் ஓர் இடம், வெப்பநிலை வேறுபாடு என்பது இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள தொலைவு. இடத்தை மாற்றும்போது 32ஐக் கூட்ட வேண்டும். தொலைவை மாற்றும்போது கூட்டக்கூடாது, 1.8ஆல் பெருக்கினால் போதும். அண்ணனையும் தம்பியையும் ஒரே பெஞ்சின்மேல் நிறுத்தித் தரையிலிருந்து உயரம் பார்த்தால் இருவர் உயரமும் பெஞ்சின் அளவு கூடித் தெரியும். ஆனால் அண்ணன் தம்பியைவிட எத்தனை அங்குலம் உயரம் என்பதில் மாற்றம் உண்டா? 32 என்பது அந்தப் பெஞ்சு!

உலகம் முழுவதும் பேசப்படும் ‘1.5 டிகிரி’ பற்றியும் இதே எச்சரிக்கை தேவை. 2015ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையில் உள்ள அந்த 1.5 டிகிரி செல்சியஸ் ஓர் உயர்வு. ஆகவே பாரன்ஹீட்டில் அது 2.7. அதனை 34.7 என்று கணக்கிடும் மாணவனுக்குப் புவி வெப்பமடைதலைப் பற்றிய பாடம் முழுவதுமே கட்டுக்கதையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

பெஞ்சு எங்கிருந்து வந்தது?

இந்த 32 இயற்கையின் விதியன்று, வரலாற்றின் எச்சம். 1724ஆம் ஆண்டில் பாரன்ஹீட் தம் அளவுகோலை வெளியிட்டபோது பனிக்கட்டி, நீர், நவச்சாரம் ஆகியவற்றின் கலவையின் குளிர்ச்சியைச் சுழி என்று கொண்டார். நீரும் பனிக்கட்டியும் சேர்ந்த கலவைக்கு 32. உடல் வெப்பத்துக்கு 96. இரண்டுக்கும் இடையே 64 பிரிவுகள். 64ஐப் பாதிபாதியாக ஆறு முறை பிரிக்கலாம் அல்லவா? குழாயில் கோடு கிழிக்க அது வசதி.

1742ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு வானியல் அறிஞர் செல்சியஸ் நீரின் இரு நிலைகளுக்கு இடையே நூறு பிரிவுகளை வைத்தார். ஆனால் அவர் வைத்த முறையில் கொதிநிலை சுழி, உறைநிலை நூறு! பின்னர்தான் அது தலைகீழாகத் திருப்பப்பட்டது. பிரான்சில் ரோமர் என்பவர் 1730இல் வகுத்த 80 பிரிவு அளவும் நெடுநாள் வழங்கியது. பிரெஞ்சுப் புரட்சிக்குப்பின் அந்நாடு மெட்ரிக் முறையோடு நூறு பிரிவு அளவைத் தழுவிக்கொண்டது. ‘சென்டிகிரேட்’ என்று வழங்கிய அதற்கு 1948இல் பன்னாட்டு மாநாடு ‘செல்சியஸ்’ எனப் பெயர் சூட்டியது.

இந்த வரலாறு நெரவி மாணவருக்குத் தூரத்துக் கதையன்று. 1739 முதல் 1954 வரை, இடையே ஆங்கிலேயர் பிடித்துவைத்திருந்த சில காலம் நீங்கலாக, காரைக்கால் பகுதி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சுற்றிலும் இருந்த தஞ்சை மாவட்டம் ஆங்கிலேயர் ஆட்சியில். எல்லைக்கு ஒரு பக்கம் பாரிஸின் நூறு பிரிவு. மறுபக்கம் லண்டனின் 32ம் 212ம். ஒரே காற்று, ஒரே வெயில், எண் மட்டும் வேறு. வகுப்பில் இதைச் சொன்னாலே ‘எண் மாறினாலும் பொருள் மாறாது’ என்ற கருத்துப் பசுமரத்தாணிபோல் பதியுமே!

ஒப்பிடுவதில் பிழை

“நேற்று 20 டிகிரி, இன்று 40 டிகிரி; வெப்பம் இரு மடங்கு” என்று சொல்லலாமா? செல்சியஸில் 20, 40 என்றால் பாரன்ஹீட்டில் 68, 104. இங்கே இரு மடங்கு எங்கே? ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிட்டது. கெல்வின் அளவில் 293, 313. ஏழு விழுக்காடுகூடக் கூடவில்லை. சுழியை நம் வசதிக்காக எங்கோ வைத்துக்கொண்ட அளவுகோல்களில் ‘மடங்கு’ என்ற சொல்லுக்கே பொருளில்லை. உண்மையான சுழியிலிருந்து தொடங்கும் கெல்வினில் மட்டுமே அச்சொல் பொருந்தும். கெல்வினை வெறும் ‘273ஐக் கூட்டுக’ என்று கற்பிக்கும் வகுப்பில் இந்தப் பேருண்மை நழுவிப் போகிறது.

துல்லியத்திலும் ஒரு பொய் உண்டு. ஜெர்மானிய மருத்துவர் உண்டர்லிஷ் 1868இல் வெளியிட்ட பெரும் ஆய்வில் உடலின் சராசரி வெப்பநிலையை 37 டிகிரி செல்சியஸ் என்றார். அதை மாற்றியதால் பிறந்ததே 98.6. புள்ளிக்குப் பின்னுள்ள அந்த 6 பெருக்கல் தந்த பரிசே அன்றி உடல் தந்தது அன்று. உடல் வெப்பம் காலையில் சற்றுக் குறைந்தும் மாலையில் சற்றுக் கூடியும் இருக்கும். 1992இல் அமெரிக்காவில் 148 பேரிடம் அளந்தபோது சராசரி 98.2தான் வந்தது. 98.8 என்று காட்டியதும் காய்ச்சல் என்று பதறுகிற பெற்றோர் தசமப் புள்ளிக்கு அளவு கடந்த மரியாதை தருகிறார்கள்.

செய்தித்தாள்களும் இதில் பங்காளிகளே. நூறு டிகிரி பாரன்ஹீட் என்பது 37.8 செல்சியஸ். பத்து விரலால் எண்ணும் நமக்கு நூறு ஓர் அழகான எண். உடலுக்கு அதில் தனிச் சிறப்பு ஏதுமில்லை. கடலோரத்துக்கு வானிலைத் துறை வைத்த எல்லையான 37 டிகிரியோ பாரன்ஹீட்டில் 98.6, சதத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. அந்த எல்லை ஏன் தாழ்வாக வைக்கப்பட்டது? கடற்காற்றில் ஈரம் மிகுதி; வியர்வை எளிதில் ஆவியாகாது. சுற்றுப்புறமே உடலின் வெப்பநிலையை எட்டிவிட்டால் உடலைக் குளிர்விக்க வியர்வை ஒன்றே வழி. அந்த வழியும் அங்கே பாதி அடைபட்டுக் கிடக்கிறது. ‘சதமடிக்கவில்லை’ என்று தலைப்பைப் பார்த்து நண்பகலில் வயலில் இறங்குபவருக்கு இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை.

வரிசையை மாற்றுவோம்

அளத்தல், ஒப்பிடல், மாற்றுதல் — இதுவே இயல்பான வரிசை. நம் வகுப்புகள் பல மூன்றாவதிலிருந்து தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன.

பாடநூலை மட்டும் குறை கூறுவது முறையன்று. புதுவை மாநில அரசுப் பள்ளிகள் அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலிருந்து மத்தியக் கல்வி வாரியத்துக்கு மாறியுள்ளன. அங்கு ஆறாம் வகுப்புக்கென 2024இல் வெளிவந்த ‘கியூரியாசிட்டி’ என்னும் அறிவியல் நூலில் வெப்பநிலையை அளப்பதற்கென்றே ஒரு பாடம் உண்டு. வெந்நீர், தண்ணீர், பனிநீர் என மூன்று பாத்திரங்களில் கையை வைத்து, தொடு உணர்வு ஏமாற்றும் என்று காட்டித் தொடங்குகிறது. போற்றத்தக்க தொடக்கம். ஆனால் பாத்திரமும் வெப்பமானியும் வகுப்புக்கு வராமல் அந்தப் பக்கம் உரக்கப் படிக்கப்பட்டால் பயன் என்ன?

அளக்கத் தொடங்கினால் நெரவியே ஓர் ஆய்வுக்கூடம். காலை எட்டு மணி முதல் மாலை நான்கு மணி வரை, மணிக்கொரு முறை, நிழலில், தரையிலிருந்து ஏறத்தாழ நாலடி உயரத்தில் காற்றின் வெப்பநிலையைக் குறியுங்கள். வெயிலில் வைக்கப்பட்ட வெப்பமானி காற்றின் வெப்பத்தைக் காட்டாது. கதிர்களை விழுங்கிச் சூடேறிய தன் வெப்பத்தையே காட்டும். வானிலை நிலையங்களில் காற்றோட்டமுள்ள வெள்ளை மரப்பெட்டிக்குள் வெப்பமானியை வைப்பது இதற்காகத்தான். கடற்காற்று புகும் நாளில் உச்சி சாயுமுன்பே வெப்பம் இறங்கத் தொடங்குவதையும், மேல்காற்று வலுத்துக் கடற்காற்றைத் தடுத்த நாளில் அது ஏறிக்கொண்டே போவதையும் மாணவர்கள் தம் குறிப்பேட்டிலேயே காண்பார்கள். குளத்து நீரையும் கரை மணலையும் ஒரே நேரத்தில் அளந்தால் ஒப்பிடல் தானே பிறக்கும்.

மாற்றுதல் இதற்குப் பின்னரே வர வேண்டும்; அதுவும் சூத்திரமாக அன்றி ஏணியாக. செல்சியஸில் 0, 10, 20, 30, 40. எதிரே பாரன்ஹீட்டில் 32, 50, 68, 86, 104. ஒவ்வொரு பத்துக்கும் பதினெட்டு! 37 வேண்டுமா? முப்பதுக்கு 86, மீதி ஏழுக்கு 12.6, ஆக 98.6. ஏணியின் அடிப்படி 32இல் நிற்பதையும், படிகளுக்கு இடையே உள்ள தொலைவில் அதற்கு இடமில்லை என்பதையும் பிள்ளைகள் கண்ணாலேயே கண்டுகொள்வார்கள். இரண்டு அளவையும் காட்டும் எண்முறை வெப்பமானி கிடைத்தால் இன்னும் நன்று. பொத்தானை அழுத்தினால் எண் மாறும், உடம்பு மாறாது.

ஆசிரியரின் மறுப்பு

“நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு வெப்பமானி, நடத்தி முடிக்க வேண்டிய பாடமோ மலையளவு” என்று ஆசிரியர் சொல்வது நியாயமே. ஒரு வெப்பமானியைக்கொண்டும் நாளுக்கொரு குழுவாக அளக்கலாம் என்பது ஒரு விடை. இன்னொரு விடை வரலாற்றில் உள்ளது. மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் தொடங்கி 2002 வரை நடந்த அறிவியல் கல்வித் திட்டத்தில், சாதாரண அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எளிய கருவிகளால் தாமே செய்து பார்த்துக் கற்றார்கள். தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்க்கலாம். செய்முறைக்கும் மதிப்பெண் உண்டு. தேர்வின் கேள்வி மாறினால்தான் வகுப்பின் வழக்கம் மாறும் என்பது அத்திட்டம் தந்த பாடம்.

ஆகவே வினாத்தாள் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். ‘104 டிகிரி பாரன்ஹீட்டைச் செல்சியஸாக மாற்றுக’ என்ற கேள்வியோடு, ‘காலை 26, நண்பகல் 35, எத்தனை பாரன்ஹீட் டிகிரி ஏறியது?’ என்றும் ஒன்று கேளுங்கள். விடை 16.2. 48.2 என்று எழுதும் மாணவனுக்குச் சூத்திரம் தெரியும், வெப்பநிலை தெரியாது. அவனுக்குக் கொடுக்க வேண்டியது சுழி மதிப்பெண் அன்று, ஒரு வெப்பமானி.

அளவுக்குக் கூட்டுக; வேறுபாட்டுக்குக் கூட்டாதே. தலைப்பில் கேட்ட கேள்விக்கு விடை இவ்வளவுதான். இந்த ஒரு வரியை மனப்பாடம் செய்வது எளிது. ஒரு பகல் முழுவதும் வெப்பமானியும் குறிப்பேடுமாக நின்று கண்டறிந்த பிள்ளைக்கோ மனப்பாடமே தேவைப்படாது.