‘நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’: ஹெப்படைடிஸ் சி-யும் அமெரிக்க முன்னாள் படைவீரர்களும்

நாட்பட்ட நோய்கள் பற்றிய ஆய்வுகளில் ‘சுய மேலாண்மை’ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். சர்க்கரை, மூட்டுவலி, ஆஸ்துமா என எதுவானாலும், நோயாளி தன் நோயைத் தானே கவனித்துக்கொள்ளக் கற்பது என்று பொருள். கேட்க நல்லாத்தான் இருக்கு. இதையே வீடில்லாத, வேலையில்லாத, ராத்திரி தூக்கம் வராத ஐம்பத்தைந்து வயது ஆளிடம் சொன்னால் என்ன ஆகும்? கிட்டத்தட்ட அதைத்தான் ஓர் ஆய்வு சோதித்துப் பார்த்தது. எரிக் குரோஸல் குழுவினர் 2011-இல் ‘ஜர்னல் ஆஃப் வைரல் ஹெப்படைடிஸ்’ இதழில் வெளியிட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் கொஞ்சம் பின்னணி. ஹெப்படைடிஸ் சி வைரஸ் அடையாளம் காணப்பட்டதே 1989-இல்தான். அதற்குப் பிறகுதான் தானமாகப் பெறும் ரத்தத்தில் இந்த வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்கவே வழி பிறந்தது. வியட்நாம் போர்க் காலத்தில் காயம்பட்டு ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், ஊசி வழியாகப் போதைப்பொருள் எடுத்தவர்கள் எனப் பலருக்கும் தொற்று வந்தது. இருபது, முப்பது வருஷம் எந்த அறிகுறியும் இல்லாமல் கல்லீரலை அரித்துக்கொண்டே இருக்கும் நோய் இது. ராணுவத்தில் ஆட்களை வரிசையில் நிற்க வைத்துத் தடுப்பூசி போட்ட ‘ஜெட்’ துப்பாக்கிகளால்தான் தனக்கு வந்தது என்று சொல்லும் படைவீரர்களும் நிறைய. வி.ஏ. என்று எல்லோரும் அழைக்கும் அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை 2004-இல் இதற்கு ஒரு பதில் சொன்னது: அப்படிப் பரவியதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை, ஆனால் உயிரியல் ரீதியாக அது சாத்தியமே. அரசாங்க வாக்கியம்னா இப்படித்தான் இருக்கும்.

அந்தக் காலத்துச் சிகிச்சை இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும். அமெரிக்காவில் அதிகம் காணப்படும் முதல் வகை வைரஸுக்கு 48 வாரம். காய்ச்சல், உடம்புவலி, ரத்தசோகை, எல்லாவற்றுக்கும் மேல் மனச்சோர்வு. இவ்வளவையும் தாங்கினாலும் அந்த வகையில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குணமாகாது. போர் அதிர்ச்சியும் மனச்சோர்வும் குடிப்பழக்கமும் ஏற்கெனவே உள்ள ஒருவருக்கு மனச்சோர்வைக் கூட்டும் மருந்தைக் கொடுக்க டாக்டர்கள் தயங்கினார்கள். அதில் தப்பில்லை. ஆனால் விளைவு என்ன? நோய் அதிகம் இருந்த கூட்டத்தில் சிறு பகுதியினருக்குத்தான் சிகிச்சையே கிடைத்தது. மற்றவர்களுக்கு என்ன சொல்வது என்ற கேள்வியிலிருந்துதான் இந்தப் பயிலரங்கு பிறந்தது.

ஸ்டான்ஃபோர்டில் கேட் லோரிக் உருவாக்கிய நாட்பட்ட நோய் சுய மேலாண்மைத் திட்டம் ஏற்கெனவே புகழ்பெற்றது. அதை ஹெப்படைடிஸ் சி-க்கு ஏற்றபடி மாற்றினார்கள். வாரம் ஒரு முறை இரண்டு மணி நேரம், ஆறு வாரம். வி.ஏ. நோயாளிகள் 132 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பயிலரங்கு, மறு பாதிக்கு நோய் பற்றிய தகவல் மட்டும். இந்த 132 பேர் யார் என்பதுதான் ஆய்வில் என்னை நிறுத்திய இடம். சராசரி வயது 54.6. ஆண்கள் 95 சதவீதம். வேலையில்லாதவர்கள் அல்லது உடல் இயலாதவர்கள் 72 சதவீதம். மணவாழ்க்கையில் இல்லாதவர்கள் 83 சதவீதம். அண்மைக் காலத்தில் வீடில்லாமல் இருந்ததாகச் சொன்னவர்கள் 48 சதவீதம். பெரும்பாலான மருந்து ஆய்வுகள் ‘தொடர்ந்து வரமாட்டார்கள்’ என்று வாசலிலேயே திருப்பி அனுப்புகிற ஆட்கள் இவர்கள். அவர்களை உள்ளே உட்கார வைத்ததற்காகவே இந்தக் குழுவுக்கு ஒரு சபாஷ் போடலாம்.

முடிவுகளுக்கு வருவோம். ஆறு வாரம் கழித்துப் பயிலரங்கில் இருந்தவர்களுக்கு மூன்று விஷயங்களில் முன்னேற்றம்: நோய் பற்றிய அறிவு, ‘என்னால் சமாளிக்க முடியும்’ என்ற நம்பிக்கை, உடல் தெம்பு. அறிவில் வித்தியாசம் மிகத் தெளிவு. தெம்பில் பி-மதிப்பு 0.040. பல அளவீடுகளை ஒரே நேரத்தில் பார்க்கும் ஆய்வில் 0.040 என்பது வேலியின் மேல் உட்கார்ந்திருக்கும் எண். நான் அதன் மேல் பெரிய பாரம் ஏற்ற மாட்டேன். ஓராண்டு கழித்து என்ன நிலைத்தது என்பதையும் குழு 2013-இல் வெளியிட்டது. பலன் நீடித்தது என்பது அவர்கள் முடிவு.

என் விமர்சனம் எண்ணைப் பற்றியது அல்ல, ஒப்பீட்டைப் பற்றியது. ஒரு பக்கம் பன்னிரண்டு மணி நேரம் பிற மனிதர்களோடு உட்காருகிறார்கள். மறு பக்கம் தகவல் மட்டும். இதில் கிடைத்த வித்தியாசம் கற்றுக்கொடுத்த உத்திகளாலா, இல்லை தன்னைப் போலவே இருக்கும் பத்துப் பேரை வாராவாரம் பார்த்ததாலா? இந்த வடிவமைப்பு அதைப் பிரித்துச் சொல்லாது. பேச்சுத்துணைக்கு மட்டும் ஆறு வாரம் கூடிய மூன்றாவது குழு ஒன்று இருந்திருந்தால் தெரிந்திருக்கும். 83 சதவீதம் பேர் தனி ஆட்கள் என்ற கூட்டத்தில் இது சின்னக் கேள்வி இல்லை. ஊசிப் போதையோடு சேர்த்தே பேசப்படும் நோய் இது. வெளியே சொல்லவே கூசும். அதைச் சத்தமாகச் சொல்ல ஓர் அறை கிடைத்தது என்றால், அங்கே நடந்ததற்கு ‘சுய’ மேலாண்மை என்று பெயர் வைப்பது எனக்கு இடிக்கிறது. லோரிக்கின் திட்டத்திலேயே வகுப்பை நடத்துபவர்கள் அதே மாதிரி நோயோடு வாழும் சாதாரண ஆட்கள். அடித்தளமே கூட்டு வேலை, பெயர்ப்பலகையில் மட்டும் தனி ஆள்.

பெயரில் என்ன இருக்கு என்று கேட்கலாம். பழி யார் மேல் விழும் என்பது இருக்கு. குடிக்காதே, ஹெப்படைடிஸ் ஏ, பி தடுப்பூசி போட்டுக்கொள், பாராசிட்டமால் அளவை மீறாதே, ரேசரையும் டூத்பிரஷையும் யாரோடும் பகிராதே. இந்த நோய்க்கான அறிவுரைகள் எல்லாமே சரியானவை. ஆனால் காப்பகத்தில் படுத்திருப்பவருக்குத் தனி ரேசரைப் பத்திரமாக வைக்க ஓர் அலமாரி வேண்டும். அலமாரி இல்லாததை ‘இவர் சரியாகக் கவனித்துக்கொள்ளவில்லை’ என்று எழுதிவிடுவது ரொம்பச் சுலபம்.

பிறகு எல்லாமே மாறியது. 2013 டிசம்பரில் சொஃபோஸ்புவிர் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மறு வருஷம் அக்டோபரில் லெடிபாஸ்விருடன் சேர்ந்து ஒரே மாத்திரையாக வந்தது. தினம் ஒன்று, பெரும்பாலோருக்கு 12 வாரம், ஊசி கிடையாது, 100-க்கு 90 பேருக்கு மேல் குணம். விலைதான் தலைசுற்றல்: சொஃபோஸ்புவிர் மட்டும் 12 வாரத்துக்கு 84,000 டாலர், அதாவது மாத்திரை ஒன்று 1,000 டாலர். (இதை உருவாக்கிய ஃபார்மாசெட்டின் நிறுவனர்களில் ஒருவரான ரேமண்ட் ஷினாஸி அட்லாண்டா வி.ஏ.யிலும் பணியாற்றியவர். அந்த நிறுவனத்தை சுமார் 1,100 கோடி டாலருக்கு வாங்கியது கிலியட். இது தனிப் பதிவாகவே எழுத வேண்டிய கதை.) தள்ளுபடி விலையில் வாங்கியும் 2015-இல் வி.ஏ.விடம் பணம் போதவில்லை. நோய் முற்றியவர்களுக்கே முன்னுரிமை என்றிருந்தது. 2016 மார்ச்சில், எந்தக் கட்டத்தில் இருந்தாலும் எல்லோருக்கும் சிகிச்சை என்று அறிவித்தார்கள். 2019 வாக்கில் குணமானவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர்.

எங்கள் தொழிலில் பிழையைத் திருத்த முடியாதபோது பயனாளருக்கு ஒரு ‘வொர்க்கரவுண்ட்’ கொடுப்போம். ‘இந்தப் பொத்தானை அழுத்தாதீங்க, அப்படிச் சுத்திப் போங்க’ என்கிற மாதிரி. திருத்தம் வந்ததும் அதை எடுத்துவிடுவோம். அப்படியானால் பயிலரங்கையும் தூக்கிப் போட்டுவிடலாமா? என் பதில், கூடாது. ஒரு லட்சம் என்ற எண்ணை மாத்திரை மட்டும் உருவாக்கவில்லை. வி.ஏ. மருந்தாளுநர்களை நேரடியாகச் சிகிச்சையில் இறக்கியது, தூரத்தில் இருப்பவர்களைக் காணொளியில் பார்த்தது, குடியோ போதையோ இருந்தால் மருந்து கிடையாது என்று பொத்தாம்பொதுவாகக் கதவை மூடாமல் இருந்தது. ஆளைத் தேடிப் போய் அழைத்து வந்தார்கள். ‘நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்பதற்கு நேர் எதிர்த்திசை.

வைரஸ் போனாலும் சிரோசிஸ் வரை போய்விட்ட கல்லீரலில் புற்றுநோய் அபாயம் மிச்சம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும், ஆயுள் முழுக்க. திரும்பத் தொற்றவும் வாய்ப்பு உண்டு, ஏனென்றால் ஒருமுறை குணமானது மறுமுறை காப்பாற்றாது. ‘குணமாயிட்டீங்க’ என்று சொல்லி அனுப்பிய ஒருவரை ஐந்து வருஷம் கழித்தும் ஸ்கேனுக்கு வரவைப்பதற்கு மாத்திரை கிடையாது. அந்த ஆறு வாரப் பயிலரங்கின் பாடத்திட்டத்தை இன்று யாராவது திருத்தி எழுதினால், முதல் பக்கத்தில் வர வேண்டியது அந்த ஸ்கேன் தேதியும், அதை ஞாபகப்படுத்திக் கூப்பிடப்போகும் இன்னொரு படைவீரரின் போன் நம்பரும்.