உலக்கைச் சத்தம் கேட்டவன்

ஜமுனாமரத்தூருக்கு அப்பால் மலைக்குள் இருக்கும் என் பெரியம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. 2015 ஏப்ரல் 7 அன்று, திருப்பதிக்குப் பக்கத்துச் சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 தமிழ்த் தொழிலாளிகளைச் சுட்டுக் கொன்றது. பன்னிரண்டு பேர் திருவண்ணாமலை மாவட்டத்தவர். அவர்களில் ஒருவன் பெரியம்மாவுக்குப் பேரன் முறை.

அவனைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் சாவில் தொடங்குவதில்லை. "சாம குத்தறப்ப ஒலக்கச் சத்தத்த வச்சே உமி போச்சா இல்லியான்னு சொல்லிடுவான்" என்று தொடங்குகிறார்.

சாமையின் உமி லேசில் கழலாது. உரலில் போட்டுக் குத்திப் புடைத்து, மறுபடி குத்த வேண்டும். முதலில் உலக்கை சரசரப்போடு இறங்கும். உமி விட விடச் சத்தம் மாறும். திண்ணையில் உட்கார்ந்தபடி அந்த மாற்றத்தைப் பிடித்த ஒரு காதைத்தான் பெரியம்மா நமக்குத் தருகிறார். நல்ல பிள்ளை, உழைப்பாளி என்றெல்லாம் அவர் சொல்வதில்லை. அவை யாருக்கும் பொருந்தும். இது அவன் ஒருவனுக்கே பொருந்துகிறது.

கூடப் போனவர்களைச் சொல்லும் விதமும் அப்படித்தான். இருபது என்ற எண் அவர் வாயில் வருவதே இல்லை. புளியமரத்து வீட்டுக்காரன், மூத்தவளுக்குக் கல்யாணம் வைத்திருந்தவன் என்று ஒவ்வொருவராக வருவார்கள். வரிசை தவறினால் முதலிலிருந்து சொல்வார். செய்தித்தாளில் 'கடத்தல்காரர்கள்' என்ற ஒரே சொல்லுக்குள் போனவர்கள், இங்கே வீடும் கடனும் பிள்ளைகளும் உள்ள ஆட்களாகத் திரும்புகிறார்கள்.

இந்த மண்ணுக்கு இது பழைய வழக்கம். மலையடிவாரத்துச் செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது. எடுத்தனூர் நடுகல் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கருந்தேவகத்தி என்ற வீரன் இறந்ததைச் சொல்லும் அந்தக் கல்லில் அவனுடைய நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன். அது இரண்டு கள்வரைக் கடித்ததும் எழுதப்பட்டிருக்கிறது. அரசனுக்கு அது தேவையில்லாத செய்தி. அந்த வீரனோடு வாழ்ந்தவர்களுக்கு அது இல்லாமல் அவன் நினைவு முழுமையாகாது.

ஐரோப்பாவில் நாஜிகள் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். அந்தக் கொடுமைக்கு அளவில் வேறெதையும் இணை வைக்க முடியாது. ஆனால் நினைக்கும் முறையில் மனிதர்கள் ஒன்றுபடுகிறார்கள். குன்டர் டெம்னிக் என்ற ஜெர்மானியச் சிற்பி 1990-களிலிருந்து, கொல்லப்பட்டவர்கள் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டு வாசலில் பத்து சென்டிமீட்டர் சதுரப் பித்தளைத் தகடு வேய்ந்த கல்லைப் பதித்து வருகிறார். பெயர், பிறந்த ஆண்டு, நேர்ந்த கதி ஆகியவை ஒவ்வோர் எழுத்தாகக் கையால் அடிக்கப்படுகின்றன. 2023-இல் அந்தக் கற்கள் ஒரு லட்சத்தைத் தொட்டன. இயந்திரம்போல் நடந்த கொலைக்கு எதிராக, ஒரு கல்லுக்கு ஒரு மனிதர் என்ற பொறுமை அது. பெரியம்மாவிடம் இருப்பதும் அதே பொறுமை.

அந்தப் பொறுமையைத் துக்கம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. பேருந்திலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள் என்று, தப்பியவர்கள் தேசிய மனித உரிமைகள் ஆணையத்திடம் சொன்னார்கள். திருவண்ணாமலைக்கு வந்த உடல்களைப் பார்த்த உறவினர்கள் அவற்றில் இருந்த காயங்களைச் சும்மா விடவில்லை. ஆறு உடல்களை எரிக்காமல் வைத்துக்கொண்டு நீதிமன்றம் போனார்கள். மறு பிரேதப் பரிசோதனைக்கு உத்தரவும் பெற்றார்கள். அந்த உடம்பின் ஒவ்வொரு தழும்பும் அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் புதுக் காயம் எது, அது எப்படி வந்தது என்று அவர்களால் கேட்க முடிந்தது. ஒருவனை அத்தனை நுணுக்கமாக அறிந்த அன்புதான் அவனுக்காக நீதி கேட்கவும் முதலில் எழுந்து நிற்கிறது.