கிராஷனும் கடைசி பெஞ்சும்

ஸ்டீபன் கிராஷன் இரண்டாம் மொழி கற்றல் பற்றி 1982-இல் எழுதிய புத்தகத்தை மறுபடி படித்தேன். புது மொழிக்குள் வரும் பிள்ளை கொஞ்ச காலம் வாய் திறக்காது. வற்புறுத்தாதீங்க, கேட்டுப் புரிந்தால் பேச்சு தானாக வரும் என்பது அவர் வாதம்.

பொறியியல் முதலாண்டு ஆங்கில வகுப்பில், 'என்னைக் கேட்டுடக் கூடாது' என்று குனிந்தே உட்கார்ந்திருந்தவன் நான். 'வற்புறுத்தாதீங்க' என்ற இடத்தில் உடனே தலையாட்டினேன். 'தானாக வரும்' என்பதுதான் இடிக்கிறது. கனடாவில் பல வருடம் பிரெஞ்சு வழியில் படித்த ஆங்கிலக் குடும்பத்துப் பிள்ளைகளைப் பற்றி மெரில் ஸ்வெய்ன் 1985-இல் எழுதினார். கேட்டுப் புரிந்துகொள்வதில் கெட்டிதான். பேசும்போது இலக்கணம் தடுமாறியது. பேசிப் பார்க்கும் வாய்ப்பு போதவில்லை என்றார்.

அப்போ எழுப்பி நிறுத்திக் கேட்கணுமா? வேண்டாம். மேரி பட் ரோ அமெரிக்க அறிவியல் வகுப்புகளில் அளந்து 1970-களில் எழுதியது இங்கே உதவும். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் ஒரு நொடி அளவுக்குத்தான் காத்திருந்தார்கள். மூன்று நொடிக்கு மேல் பொறுத்தபோது பதில்கள் நீண்டன, ஒதுங்கியிருந்தவர்களும் பேசினார்கள். இத்தனைக்கும் அது மொழி வகுப்பே இல்லை. தமிழில் யோசித்து ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டிருந்த எனக்கு மூன்று நொடிகூடப் போதாது. வினைச்சொல்லைத் தேடிப் பிடிப்பதற்குள் முன்பெஞ்சு பதில் சொல்லி முடித்திருக்கும்.