பேனாக்கத்திக்கு எந்தச் சாணை, எத்தனை பாகை?

பேனாக்கத்தியின் அலகு மிஞ்சிப் போனால் ஒரு விரல் அகலம். தீட்டும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் கரைந்து போகும். பாராங் எனும் பெரிய வெட்டுக்கத்தியில் இரும்பு நிறைய இருக்கிறது, முரட்டுத்தனமாகத் தீட்டினாலும் பல வருஷம் தாங்கும். சட்டைப்பைக் கத்திக்கு அந்த வசதி கிடையாது. அதனால் சாணைக் கருவி வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது எவ்வளவு இரும்பைத் தின்னும் என்பதே. பினாங்கின் மாக் மண்டின் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்களின் மடக்குக் கத்திகளை வாங்கிப் பாருங்கள். அலகு நடுவில் குழிந்து, முனை மெலிந்து, பாதி ஆயுள் போன கத்திகள் நிறையக் கண்ணில் படும். வெட்டித் தேய்ந்தவை கொஞ்சம்தான், தீட்டித் தேய்த்தவையே அதிகம்.

இங்கே கத்திக்கு வேலை அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக் கட்டுப்பட்டையும். அட்டை மென்மையாகத்தான் தெரியும், ஆனால் மாம்பழத்தையும் கயிற்றையும்விட அதுதான் கூரைச் சீக்கிரம் மழுங்கடிக்கும். இந்த வேலைக்கு விக்டோரினாக்ஸ் கத்தி ஒன்றையும், வீட்டில் பழம் நறுக்க ஓப்பினெல் எட்டாம் எண் கார்பன் கத்தி ஒன்றையும் வைத்துக்கொண்டு மூன்று கருவிகளைச் சோதித்தேன்: சென்னைக் கார்போரண்டம் கல், ஒர்க் ஷார்ப் கைக்கருவி, ஸ்பைடர்கோ ஷார்ப்மேக்கர்.

முதலில் கோணம். விக்டோரினாக்ஸ் தன் பேனாக்கத்திகளுக்குச் சொல்வது பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை. அந்த எஃகின் கடினம் ராக்வெல் அளவில் 56 அளவுக்கே வருகிறது. அதை 12 பாகைக்குச் சீவினால் முதல் நாள் தாளை அழகாக வெட்டும். இரண்டாவது அட்டைப்பெட்டியில் விளிம்பு மடங்கிவிடும். பெட்டி பிரிப்பவருக்கு 20 பாகை வேண்டும். பழம், வெற்றிலை, நூல் என்று இருப்பவருக்கு 15 போதும், வெட்டும் சுகமும் அதில்தான். ஓப்பினெல் அலகு முதுகிலிருந்து வாய் வரை மெலிந்துகொண்டே வருவது, அதற்கு 15 பொருந்துகிறது. 25 பாகை பாராங்கு போல ஓங்கி வெட்டும் கத்திகளுக்கானது. பேனாக்கத்தியில் அதை வைத்தால் வெட்டாது, பிளக்கும்.

கல்லில் தீட்டும்போது இந்தப் பாகையை எப்படிப் பிடிப்பது? அலகின் அகலம் 15 மில்லிமீட்டர் என்றால், முதுகு கல்லிலிருந்து 4 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால் 15 பாகை, 5 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால் 20 பாகை. வித்தியாசம் ஒரே ஒரு மில்லிமீட்டர்! கையால் கோணம் பிடிப்பது ஏன் இவ்வளவு சிரமம் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. அந்த உயரத்துக்குச் சில்லறைக் காசுகளை அடுக்கி முதுகின் கீழ் வைத்துப் பாருங்கள். கண்ணுக்கும் மணிக்கட்டுக்கும் அந்தச் சாய்வு பழகிவிடும்.

கார்போரண்டம் கல் 1954-இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு சேர்ந்து தொடங்கிய தொழிற்சாலையின் சரக்கு. ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைசு. விலை குறைவு, உழைப்பு அதிகம். ஆனால் சொரசொரப்புப் பக்கம் பேனாக்கத்திக்கு வேண்டாம், அது பாராங்குக்கும் மண்வெட்டிக்கும் ஆனது. நைசுப் பக்கத்தில் தீட்டி, எதிர்ப்பக்கம் விரலை வைத்துத் தடவினால் மயிரிழை போலப் பிசிறு தட்டுப்பட வேண்டும். பிசிறு தட்டுப்பட்டதும் நிறுத்திவிட்டு மறுபக்கம் திருப்ப வேண்டும். அதற்கு மேல் தேய்ப்பதெல்லாம் வீண் இரும்பு.

ஒர்க் ஷார்ப் கைக்கருவி உள்ளங்கையில் அடங்கும். வைரத் தகடுகள் இரண்டு, பீங்கான் கம்பி ஒன்று, கடைசியில் மெருகேற்றத் தோல்பட்டை. தகட்டின் நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் சரிவில் அலகைப் படுக்க வைத்தாலே 20 பாகை வந்துவிடும். உடைந்த வாயைச் சீர்செய்ய இதுதான் வேகமானது. அந்த வேகமே இதன் ஆபத்தும்: 220 தர வைரத் தகட்டில் அசட்டையாக இழுத்தால் சின்ன அலகு கண்ணெதிரே மெலிகிறது. இழுக்கும்போது சரிவு தரும் கோணத்தையும் கைதான் காப்பாற்ற வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஷார்ப்மேக்கர். ஒரு பிளாஸ்டிக் அடிப்பலகை, அதில் சாய்வான துளைகள், துளைகளில் செருக முக்கோணப் பீங்கான் கம்பிகள். ஒரு ஜோடித் துளை பக்கத்துக்கு 15 பாகை, இன்னொன்று 20. சாய்வு கம்பியில் இருப்பதால் கத்தியைச் செங்குத்தாகப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்தால் போதும். செங்குத்தைக் கண் தானே கண்டுபிடிக்கும். பழுப்புக் கம்பியின் முனைப்பான விளிம்பில் தொடங்கி, பிறகு அதன் தட்டைப் பக்கம், அடுத்து வெள்ளைக் கம்பி. எண்ணெயும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். முனை கம்பியைத் தாண்டி நழுவவிடாமல் அதன்மேலேயே இழுப்பை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் முனை உருண்டுவிடும்.

குறையும் உண்டு. ஏற்கெனவே 25 பாகைக்கு மழுங்கிய கத்தியை இதில் 20-க்குக் கொண்டுவர மணிக்கணக்கில் இழுக்க வேண்டியிருக்கும். அதனால் முதலில் வாயோரம் கறுப்பு மார்க்கர் பேனாவால் கோடு போட்டு நாலைந்து இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை விளிம்பில் அழிந்தால் கோணம் சரி. விளிம்புக்கு மேலே, சரிவு தொடங்கும் தோளில் மட்டும் அழிந்தால் கம்பி இன்னும் வாயைத் தொடவில்லை. ஒருமுறை வைரத் தகட்டில் சரிசெய்துவிட்டுத்தான் இதற்கு வர வேண்டும். பிடியோரத்தில் அலகின் அடிப்பகுதிக்கும் கம்பி முழுதாக எட்டாது.

அலகை நடுவில் நுழைத்து இழுக்கும் மலிவுச் சாதனங்களை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். உள்ளே இருக்கும் கார்பைடு துண்டுகள் எஃகைத் தீட்டுவதில்லை, சுரண்டி எடுக்கின்றன. பட்டறையில் சும்மாதானே சுற்றுகிறது என்று மின்சாரச் சாணைச் சக்கரத்தில் வைப்பது அதைவிடக் கேடு. விக்டோரினாக்ஸ் அலகை 1,040 பாகை செல்சியஸில் கடினமாக்கி, 160 பாகையில் பதம் போடுகிறார்கள். உலர்ந்த சக்கரத்தில் மெல்லிய விளிம்பு அந்தச் சூட்டை நொடியில் தாண்டிவிடும். நீலம் பூத்த இடத்தில் இனி கூர் நிற்காது.

ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. மழுங்கிய கத்தி பட்டையைச் சீவாமல் மரத்தைக் காயப்படுத்தும். காயம் பட்ட இடம் முடிச்சு விழுந்து வளரும், மறுபடி அங்கே வெட்ட வராது. அதனால் கத்தி மழுங்கும்வரை காத்திருக்காமல் கல்லில் தினமும் கொஞ்சம் தீட்டினார்கள். பேனாக்கத்திக்கும் அதே முறைதான் வேண்டும்: வாரக் கடைசியில் வெள்ளைக் கம்பியில் லேசாக ஐந்தாறு இழுப்பு. இப்படிச் செய்தால் சொரசொரப்பான எதையும் நெடுநாள் தொட வேண்டியிருக்காது.

பினாங்குக் காற்றில் கார்பன் எஃகு ஒரே இரவில் துரு பிடிக்கும். எலுமிச்சை நறுக்கிய ஓப்பினெல்லை உடனே கழுவித் துடைத்து எண்ணெய் தடவுங்கள். மரப்பிடி ஈரத்தில் உப்பி அலகைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே தண்ணீரில் ஊறப் போடக் கூடாது. அந்தக் கவனமெல்லாம் முடியாது என்பவர்கள் துருப்பிடிக்காத எஃகிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

கையில் ஒரே ஒரு பேனாக்கத்தி, அதுவும் வேலைக்கு என்றால் ஷார்ப்மேக்கர், 20 பாகைத் துளை. பணம் கொஞ்சம் என்றால் கார்போரண்டம் கல்லும் ஒரு மார்க்கர் பேனாவும். கூர் ஏற்றிய கத்தியை வெளியே கொண்டுபோகும்போது மலேசியாவின் 1958-ஆம் ஆண்டு அபாயகர ஆயுதச் சட்டம் ஞாபகத்தில் இருக்கட்டும். பொது இடத்தில் தக்க காரணம் இல்லாமல் கத்தியோடு பிடிபட்டால் வழக்கு வரும். வேலை முடிந்ததும் அதைக் கருவிப்பெட்டியிலேயே போட்டுப் பூட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.