கிறித்து நூல்கள் கூறும் தாழ்மை

கிறித்து சமயத்தார் தம் அறங்களுள் தலையாயவற்றுள் ஒன்றாகக் கொள்வது தாழ்மை. விவிலியத்தின் தமிழ்ப் பெயர்ப்பில் இதனைக் குறிக்க இரண்டு சொற்கள் சிறப்பாக வழங்குகின்றன. மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், மலைப்பொழிவின் தொடக்கத்தே நிற்பது ‘எளிமை’. பவுல் பிலிப்பியர்க்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் நிற்பது ‘மனத்தாழ்மை’. இவற்றின் பொருளை ஆராயாது, தாழ்மையாவது தன்னை இழிந்தவனென எண்ணிக் குன்றுதல் என்பர் ஒரு சாரார். சைவ நூல்கள் கூறும் பணிவே அது, வேறன்று என்பர் மற்றொரு சாரார். இரண்டும் பொருந்தாமை காட்டுதும்.

முதற்கண் சொற்பொருளை நோக்குக. எளிமை என நிற்குமிடத்து மூலத்திலுள்ள கிரேக்கச் சொல், சிறுபொருள் உடையானைக் குறிப்பதன்று. பிறர் கையை நோக்கியன்றி வாழமாட்டாத இரவலனைக் குறிப்பது. ஆகலின் ஆண்டுக் கூறப்பட்டது, தனக்கென ஒன்றும் இல்லாமையை இறைவன் திருமுன் உணர்ந்து நிற்கும் நிலையேயாம். தாழ்மைக்குரிய கிரேக்கச் சொல்லோ, பண்டைக் கிரேக்கர் வழக்கிற் பெரும்பாலும் இழிவு குறித்து நின்றது. பழிச்சொல்லாயிருந்த அதனைக் கிறித்து நூல்கள் புகழ்ச்சொல்லாக்கின. அதற்குக் காரணம் யாதோவெனின், தம் ஆண்டவரே தாழ்ந்தார் என்னும் கொள்கையாம்.

யோவான் நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் இயேசு தம் மாணாக்கர் அடிகளைக் கழுவிய செய்தி வருகின்றது. தாம் கடவுளிடத்தினின்று வந்தமையும் அவரிடத்தே மீளுதலும் அறிந்தே அவர் இடையில் துண்டு கட்டினார் என அந்நூல் கூறுதல் கருதத்தக்கது. தம் பெருமையை அறியாது தாழ்ந்தாரல்லர், அறிந்தே தாழ்ந்தார். ஆகவே தன்னை இகழ்தல் தாழ்மை என்பார் கூற்று ஈண்டே வீழ்ந்தது.

இனித் தாழ்தல் தன்வினை, தாழ்த்துதல் பிறவினை. ஒருவன் தானே தாழ்தல் அறம்; பிறனைத் தாழ்த்துதல் மறம். இவ்வேறுபாடு தென்னார்க்காட்டு நிலத்தில் வெறும் இலக்கணச் செய்தி அன்று. 1853-இல் அமைந்த அமெரிக்க ஆர்க்காட்டு மிஷன் திண்டிவனத்தில் நிலையங்கொண்டு பள்ளிகளும் சபைகளும் நடாத்திற்று. அச்சபைகளிற் சேர்ந்தாருட் பெரும்பாலார் சாதியால் ஒடுக்கப்பட்டோர். ஊரால் தலைமுறை தலைமுறையாகத் தாழ்த்தப்பட்டாரை நோக்கித் ‘தாழ்மையாயிருமின்’ என்னின், அவர் செவியில் அஃது அறமாக ஒலிக்குமோ, பழைய ஊர்க்கட்டளையாக ஒலிக்குமோ? நூலின் கருத்து அதுவன்று. லூக்கா பதினெட்டாம் அதிகாரத்தில், தன் நோன்பையும் தசமபாகத்தையும் எண்ணிக் காட்டிய பரிசேயனும், தொலைவில் நின்று மார்பிலறைந்து இரந்த வரிதண்டுவோனும் வருகின்றனர். அவ்வுவமை சொல்லப்பட்டது தம்மை நேரியரென நம்பிப் பிறரை இகழ்வார்க்கே. ஆதலின் தாழ்மை மேலிருப்பார்க்கு முதற்கண் விதித்த கடன். கீழிருப்பாரைக் கீழேயே வைத்தற்குரிய கயிறு அன்று.

விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூர் வரலாறு ஒன்றை இதனோடு வைத்து நோக்குக. சகலாகம பண்டிதர் எனப் பெயர்பெற்ற அருணந்தியார், குலகுருவாகிய தம்மை இளம்பருவத்தராகிய மெய்கண்டார் வந்து காணாமைக்கு வெகுண்டு, அவர் பாடஞ்சொல்லுமிடஞ் சென்றார். ஆணவ மலத்தின் வடிவம் யாது என வினவினார். மெய்கண்டார் வாய்திறவாது அவரையே நோக்கினார். நிற்கின்ற நிலையே விடையாதலை உணர்ந்து அருணந்தியார் அடிவீழ்ந்தார் என்ப. ஈண்டும் கற்றோரே தாழ்ந்தார். எவரும் அவரைத் தாழ்த்திற்றிலர். மேனாட்டுத் துறவியாகிய கிளேர்வோ பெர்னார்து (1090–1153) என்பாரும், தன்னை உள்ளவாறு அறிதலினின்றே தாழ்மை தோன்றும் என்னும் கருத்தினர். இத்துணையும் ஒப்புமை.

வேற்றுமையும் மறைத்தற்பாலதன்று. கிறித்து நூல் முடிபின்படி உயிர் படைக்கப்பட்டது. செருக்கு உயிர் தன் விருப்பாற் செய்த குற்றம். ஆதலின் தாழ்மைக்கு வாயில் மனந்திரும்புதல். சைவ முடிபின்படி உயிர் அநாதி. ஆணவமும் செம்பிற் களிம்புபோல் அநாதியே உடன்நிற்பது. ஆதலின் பணிவுக்கு வாயில் அருளால் தன்னையும் தலைவனையும் உணர்தல். இறைவன் தாயுதரத்துப் பிறந்து தாழ்ந்தான் என்பதனையும் சைவர் கொள்ளார்; பிறவாதே வேதியனாய் வந்து வழக்காடி ஆட்கொண்டான் என்பதே அவர் துணிபு. நோய் என்பார்க்கும் குற்றம் என்பார்க்கும் மருந்து முற்றும் ஒன்றாதல் யாங்ஙனம்?

ஆயினும் இருவர்க்கும் பொதுவாயதோர் எச்சரிக்கை உண்டு. ‘யான் தாழ்மையுடையேன்’ என்னுங்கால் ‘யான்’ என்பது முன் நிற்கின்றது. தாழ்மை பின் ஒதுங்குகின்றது. பரிசேயன் நோன்பு பயனிலதாயதும், பண்டிதர் கல்வி திருவெண்ணெய்நல்லூரில் துணைசெய்யாததும் அவ்வொரு சொல்லினாலேயாம். பிற சமயத்தார் அறத்தை ஆராயப் புகுவாரும் அச்சொல்லைப் புறத்தே விட்டுப் புகுதல் கடன்.