குடும்ப மரம் இடம் மாறும்போது எது தொலைகிறது?

ஒரு வம்சாவளித் தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது ரொம்பச் சுலபம் என்றுதான் எல்லாத் தளங்களும் சொல்கின்றன. பழைய தளத்தில் ‘ஏற்றுமதி’ பொத்தானை அழுத்தினால் ஒரு கோப்பு இறங்கும். புதிய தளத்தில் ‘இறக்குமதி’யை அழுத்தினால் அது ஏறும். கொஞ்ச நேரத்தில் ‘412 நபர்கள் சேர்க்கப்பட்டனர்’ என்று செய்தி வரும். சரி, எல்லாரும் வந்துட்டாங்க என்று நாமும் நிம்மதியாகிவிடுவோம்.

தலைக்கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தொலைவது வேறு: அந்த ஆட்களைப் பற்றி நமக்கு எப்படித் தெரிந்தது, எவ்வளவு உறுதியாகத் தெரியும் என்ற விவரம். வம்சாவளி ஆய்வின் மதிப்பே அதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

ஜெட்காம்

இந்தத் தளங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பொதுமொழி ஜெட்காம். மார்மன் சபை என்று பரவலாக அறியப்படும் சபை 1984இல் உருவாக்கியது. இறந்துபோன முன்னோர்களுக்காகவும் சடங்கு செய்வது அவர்கள் வழக்கம்; அதனால் வம்சாவளி தேடுவது அவர்களுக்கு மதக் கடமை. உறுப்பினர்கள் சேகரித்த விவரங்களைச் சபையின் தரவுத்தளத்துக்கு அனுப்ப ஒரு வடிவம் வேண்டியிருந்தது. அந்தச் சடங்குகளுக்கான குறிகள் இன்றும் இந்தத் தரநிலையில் இருக்கின்றன.

வடிவம் எளிமையானது, நோட்பேடில் திறந்தே படித்துவிடலாம். ஒவ்வொரு வரியிலும் ஒரு நிலை எண், ஒரு குறிச்சொல், ஒரு மதிப்பு. ஓர் ஆளுக்கு ஒரு பதிவு, ஒரு குடும்பத்துக்கு ஒரு பதிவு. கணவன், மனைவி, பிள்ளைகளை எண்களால் கோத்திருப்பார்கள். நாற்பது வருஷப் பழைய கோப்பு வடிவம் இன்னமும் புழக்கத்தில் இருப்பது எங்கள் தொழிலில் அபூர்வம். அந்த வகையில் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அது வளர்ந்த கதை வேற. 5.5 பதிப்பு 1996இல் வந்தது. 5.5.1 பதிப்பு 1999இல் வரைவாக வெளியானது. அந்த வரைவு அதிகாரபூர்வமானது 2019இல்! இருபது வருஷம் ஒரு வரைவை வைத்தே எல்லாரும் காலம் தள்ளியிருக்கிறார்கள். இதற்கிடையே ஒவ்வொரு நிறுவனமும் அடிக்கோட்டில் தொடங்கும் சொந்தக் குறிகளைச் சேர்த்துக்கொண்டது. தரநிலை அதை அனுமதிக்கிறது. குறி புரியாத மென்பொருள் அதைக் கண்டுகொள்ளாமல் விடவும் அனுமதிக்கிறது.

ஆன்செஸ்ட்ரி தளத்தின் ஏற்றுமதிக் கோப்பில் ‘_ஏபிஐடி’ என்றொரு குறி வரும். மூல ஆவணத்துக்கு அவர்களுடைய தரவுத்தளத்தில் உள்ள எண் அது. அந்தத் தளத்துக்குள் அது ஆதாரத்துக்கு வழிகாட்டும். வெளியே வந்தால் வெறும் எண். ஸ்கேன் செய்த படங்களும் 5.5.1 கோப்புக்குள் வராது. படம் எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டும்தான் வரும்.

தாது வருஷம் தை மாதம்

நம்ம பக்கத்திலிருந்து ஓர் உதாரணம். குடும்ப ஏட்டில் ஒருவர் ‘தாது வருஷம் தை மாதம்’ பிறந்தார் என்று இருக்கிறது. தாது என்றதும் பஞ்சம் நினைவுக்கு வரும், 1876 என்று எழுதிவிடுவோம். ஆனால் அந்தத் தாதுவின் தை மாதம் ஆங்கிலக் கணக்கில் 1877 ஜனவரியில் பிறக்கிறது. அறுபது வருஷச் சுற்றில் ஒரு சுற்று முன்னால் போனால் 1817ஆகவும் இருக்கலாம்.

5.5.1இல் கிரிகோரியன், ஜூலியன், யூத, பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டிகளுக்கு இடம் உண்டு. தமிழ் வருஷத்துக்கு இல்லை. ஆனால் நாம் கணித்த தேதியோடு மூலத்தில் இருந்த சொற்களையும் அடைப்புக்குறிக்குள் சேர்த்து எழுத வழி இருக்கிறது. ஆதாரத்தின் நம்பகத்தை 0 முதல் 3 வரை குறிக்கவும் இடம் இருக்கிறது. அதாவது, சந்தேகத்தை எழுதிவைக்க இந்த வடிவத்துக்குத் தெரியும்.

தளங்களுக்குத் தெரியுமா என்று பார்க்க, 12 பேர் கொண்ட கற்பனைக் குடும்பம் ஒன்றைக் கையாலேயே ஜெட்காமில் எழுதினேன். இரண்டு தளங்களில் ஏற்றி, உடனே திரும்ப இறக்கி, வரிக்கு வரி ஒப்பிட்டேன். இரண்டிலும் 12 பேரும் பத்திரம். முதல் தளம் ‘தாது வருஷம்’ என்ற சொற்களை வெட்டிவிட்டு 1877ஐ மட்டும் வைத்துக்கொண்டது. இரண்டாவது, அந்தச் சொற்களைக் குறிப்புப் பகுதிக்குத் தள்ளியது, பரவாயில்லை. நம்பகத்தன்மை எண் இரண்டிலுமே காணோம்.

பெயர் விஷயத்திலும் இதே கதை. ஜெட்காமில் இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே இருப்பது குடும்பப் பெயர். நமக்கு முன்னால் வருவது அப்பா பெயர், பின்னால் வருவது சொந்தப் பெயர். சாய்கோடே போடாமல் எழுதத் தரநிலை இடம் தருகிறது, அப்படித்தான் எழுதியிருந்தேன். முதல் தளம் கடைசிச் சொல்லைத் தானாகவே குடும்பப் பெயராக்கியது. முத்துவின் மகன் கருப்பையா, ‘கருப்பையா குடும்பத்து முத்து’ ஆகிவிட்டார்!

இது வெறும் அழகுக் குறை இல்லை. இந்தத் தளங்கள் ஒருவர் மரத்தை இன்னொருவர் மரத்தோடு பொருத்திப் பார்த்து, ‘இவர் உங்கள் உறவினரா?’ என்று கேட்கும். ஒப்புக்கொண்டால் விவரம் அப்படியே நகலாகும். சந்தேகத்தை உதறிவிட்ட 1877 மூன்று மரங்களில் ஏறிய பிறகு, நாலாவதாக வருபவருக்கு அது மூன்று சாட்சி சொன்ன உண்மை. மூன்றுக்கும் மூலம் ஒரே ஏட்டு வரி என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

7.0 வந்துவிட்டதே?

2021இல் வந்த 7.0 பதிப்பு பல ஓட்டைகளை அடைக்கிறது. யூடிஎஃப்-8 கட்டாயம், எனவே தமிழ் எழுத்து உடையாது. படங்களையும் சேர்த்துக் கட்டி அனுப்ப ‘ஜெட்ஜிப்’ இருக்கிறது. மூலச் சொற்களுக்குத் தனிக் குறி இருக்கிறது. ‘இவருக்குத் திருமணம் ஆகவில்லை’ என்று எதிர்மறையாகவும் பதியலாம். நல்ல வேலை.

ஆனால் 5.5.1இலேயே இருந்த இடங்களைத் தளங்கள் பயன்படுத்தவில்லை என்பதுதான் என் சோதனையில் கண்டது. ஆகவே குறையை வடிவத்தின் தலையில் மட்டும் கட்ட முடியாது. இறக்குமதி தளத்துக்கு வாடிக்கையாளரைக் கொண்டுவருகிறது. ஏற்றுமதி அவரை வெளியே அனுப்புகிறது. எதற்கு அக்கறையாக ஆள் போடுவார்கள் என்று ஒரு மென்பொருள்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வெளியேற வேண்டிய நாள் நம்மைக் கேட்டு வருவதில்லை என்பதற்கு ஓர் உதாரணம்: 2015 டிசம்பரில், ஃபேமிலி ட்ரீ மேக்கர் மென்பொருள் விற்பனையை நிறுத்தப்போவதாக ஆன்செஸ்ட்ரி அறிவித்தது. பல வருஷ உழைப்பை அதில் வைத்திருந்தவர்கள் கொதித்துப் போனார்கள். அடுத்த பிப்ரவரியில் மேக்கீவ் என்ற நிறுவனம் அதை வாங்கிக்கொண்டதால் பிழைத்தது. எல்லா மென்பொருளுக்கும் அப்படி ஒருவர் கிடைப்பார் என்று சொல்ல முடியாது.

நான் செய்வது இவ்வளவுதான். மூலப் பிரதி என் கணினியில், கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருளில் இருக்கிறது. தளங்களில் இருப்பவை நகல்கள். திருத்தம் முதலில் வீட்டுப் பிரதியில்தான். ஆதாரத்தையும் சந்தேகத்தையும் அதற்குரிய கட்டங்களில் போடுவதோடு, குறிப்புப் பகுதியிலும் சாதாரண வாக்கியமாக எழுதிவைக்கிறேன். நான் பார்த்தவரை பயணத்தில் அதிகம் தப்பிப் பிழைப்பது குறிப்புதான்.

நீங்களும் மாற்றப் போகிறீர்கள் என்றால், எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவதோடு விடாதீர்கள். உங்களுக்கே சந்தேகம் உள்ள பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, புதிய தளத்தில் திறந்து பாருங்கள். அந்தச் சந்தேகம் அங்கே இருந்தால் மாற்றம் சரியாக நடந்திருக்கிறது. பழைய கணக்கை அதுவரை மூடாதீர்கள்.